நாலுகைக்குப் பசி எடுத்தபோது

எங்கள் சி பிளாக்கில் பொறாமை தீர்ந்துபோன வருஷம் என்று ஒன்று இருந்தது. மற்ற இடங்களில் வெள்ளம் வந்த வருஷம், புயலடித்த வருஷம் என்று சொல்வார்கள் இல்லையா, அந்த மாதிரி நாங்கள் அதைச் சொல்வோம். அந்த வருஷம் பிளாக் முழுக்கத் தேடினாலும் ஒரே ஒரு ஆளிடம்தான் பொறாமை மிச்சம் இருந்தது. அந்த ஆள் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமைதான்.

என் பேர் மோனிஷா. பதினொன்றாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன். ஏன் என்று கேட்பவர்களிடம் பிடிக்கவில்லை என்று சொல்கிறேன், அதுதான் உண்மை, ஆனால் யாரும் நம்புவதில்லை, உள்ளே ஏதோ காதல் கதை இருக்கும் என்று என் முகத்தையே பார்க்கிறார்கள். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போவாள். அண்ணன் ரகுபதி லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பான். அப்பா இல்லாத வீடு, அதனால் அண்ணன்தான் எனக்குத் தலைவாரிவிட்டவன், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் பைக்கின் பின்சீட்டில் என்னை ஏற்றிக்கொண்டு ரெட்டேரி வரைக்கும் போய் மிளகாய் பஜ்ஜி வாங்கித் தந்தவன், அதற்காகவே எனக்கென்று சிவப்பாக ஒரு ஹெல்மெட் வாங்கியவன். பிறகு யாமினி அண்ணி வலது காலை எடுத்து வைத்து வீட்டுக்குள் வந்தாள். பின்சீட்டு அவளுடையது ஆயிற்று. ஹெல்மெட் மட்டும் அவள் தலைக்குச் சேரவில்லை என்று அவளுக்குப் புதிதாக நீலத்தில் ஒன்று வந்தது, என்னுடையது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்க ஆரம்பித்தது.

மீன் தொட்டி கேட்டு நான் அழாத நாள் கிடையாது, சின்ன வயதில். வீடே ஒரு தொட்டி மாதிரி இருக்கிறது, இதில் இன்னொரு தொட்டிக்கு எங்கே இடம் என்று அண்ணன் சொல்வான், அது நியாயம் என்று நானும் விட்டுவிட்டேன். அண்ணி வந்த புதிதில் ஒருநாள் டிவி பார்த்துக்கொண்டே, "மீனு எல்லாம் வளர்த்தா நல்லா இருக்கும்ல," என்று சும்மா ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வாரமே தொட்டி வந்துவிட்டது. எனக்கு இல்லாத இடம் அவளுக்கு மட்டும் எங்கிருந்து முளைத்தது? என் புத்தக அலமாரி இருந்த ஜன்னலோரத்தில் முளைத்தது. படிக்கப் போகாதவளுக்கு அலமாரி எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் எரிந்தது.

தொட்டிக்குள் மீன் இல்லை. கொளத்தூர் மீன் கடைக்காரர் புதுசாக இருக்கட்டுமே என்று விசிறி இறால் ஒன்றை விட்டுவிட்டுப் போனார். செங்கல் நிறம், சுண்டுவிரல் நீளம். அது இரை தேடிப் போகாது, கொத்தாது, கடிக்காது. ஃபில்டரிலிருந்து தண்ணீர் பாய்கிற இடத்தில் ஒரு மரத்துண்டின் மேல் ஏறி நின்று, முன்னால் இருக்கிற நாலு கையையும் நீட்டி, ஒவ்வொரு கையின் நுனியிலும் இருக்கிற முடி விசிறியை விரித்துப் பிடிக்கும்; தண்ணீரோடு வருகிற தூசி தும்பெல்லாம் அதில் மாட்டும்; பிறகு ஒவ்வொரு கையாக மடக்கி வாய்க்குள் விட்டு, பாயசம் வழித்த கையை நக்குகிற மாதிரி நக்கிவிட்டு மறுபடி நீட்டும். தொட்டியைப் பொருத்தும்போது அண்ணன் போனில் இருந்தான், அண்ணி டீ போட்டுக்கொண்டிருந்தாள், அதனால் கடைக்காரர் என்னிடம்தான் சொன்னார்: "மேல நின்னு கைய விரிச்சா வயிறு ரொம்புதுன்னு அர்த்தம்மா. கீழ எறங்கி மண்ணத் தொடைக்க ஆரம்பிச்சா பட்டினின்னு அர்த்தம். அது பாக்கத்தான் அழகா இருக்கும். ஏமாந்துடாத."

ஆக, இறால் அண்ணியுடையது, வேலை என்னுடையது. குழாய்த் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து மருந்து வாடை போகும்வரை வைத்திருந்து மாற்றுவது நான், பாசிப் பொடியைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சால் தண்ணீர் ஓட்டத்தில் விடுவது நான், ஃபில்டரின் பஞ்சைப் பிழிவது நான். அதற்கு நாலுகை என்று பேர் வைத்ததும் நான். அண்ணி அதை ஜில்லு என்று கூப்பிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அது. நான் கூப்பிட்டாலும் பார்க்கவில்லை, ஆனால் நான் வைத்த பேரைக் கேட்டும் பார்க்காமல் இருப்பது வேறு.

எதிர்வீட்டு பேபி அக்கா தொட்டியைப் பார்க்க வந்த அன்றைக்குத்தான் அது நடந்தது. பேபி அக்காவின் கண்ணுக்குப் பயப்படாத ஆள் எங்கள் பிளாக்கில் கிடையாது. அவள் நல்லாக்கீதே என்று சொன்ன புது மிக்ஸி அன்றே புகைந்தது, அவள் அண்ணாந்து பார்த்த முருங்கை பூவையெல்லாம் கொட்டியது, அவள் படியேறி வருகிறாள் என்றால் பிள்ளை பெற்றவர்கள் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடுவார்கள். விவரம் தெரியாத அண்ணி, "வாங்கக்கா, உக்காந்து பாருங்க," என்றாள். நான் கண்ணாடி உடையப்போகிறது என்று மாப்பையும் பக்கெட்டையும் எடுத்துக்கொண்டு தயாராக நின்றேன்.

"யம்மாடி," என்றாள் பேபி அக்கா. "கண்ணாடில ஊடு, ஊட்டுக்குள்ள லைட்டு, லைட்டுக்குக் கீழ ஒரு ஜீவன். நம்ம ஊட்ல கொடத்துக்கே ஓட்ட."

கண்ணாடி உடையவில்லை. பேபி அக்காவின் கண்களிலிருந்து மாவு சலிக்கிற மாதிரி பழுப்பாகப் பொடி உதிர்ந்தது, கன்னத்தில் ஒட்டாமல் அப்படியே மிதந்து தொட்டிக்குள் இறங்கியது, நாலுகை அதுவரை விரிக்காத அகலத்துக்கு நாலு விசிறியையும் விரித்து அதைப் பிடித்துப் பிடித்துத் தின்றது. கீழே தண்ணி லாரி ஹாரன் அடித்தது.

"தூசு விழுந்துட்ச்சு," என்று பேபி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அண்ணியின் கையைப் பிடித்து, "நல்லா வெச்சிக்கம்மா தொட்டிய," என்றாள். அவள் நல்லா என்று சொல்லி எதுவுமே ஆகாதது அதுதான் முதல் தடவை. அன்று சாயங்காலம் பெரம்பூரிலிருந்து அவளுடைய ஓரகத்தி போன் போட்டு ஃபிரிட்ஜ் வாங்கியதைச் சொன்னபோது, பேபி அக்கா சந்தோஷப்பட்டாள் என்று அவள் புருஷனே மாடிப்படியில் நின்று ஊருக்குச் சொன்னார், பாவம், அவருக்குக் குரல் நடுங்கியது.

அதற்குப் பிறகு எங்கள் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. பேபி அக்காவுக்கே போய்விட்டது என்றால் நமக்கும் போகும் என்று மூன்று மாடிகளிலிருந்தும் இறங்கி வந்தார்கள், ஏறி வந்தார்கள், பிறகு டி பிளாக்கிலிருந்தும் வந்தார்கள். நகைமேல் இருந்த பொறாமை மஞ்சள்தூள் மாதிரி மினுங்கிக்கொண்டு இறங்கியது, பிள்ளைகளின் மார்க்குமேல் இருந்தது சாக்பீஸ் தூளாக இறங்கியது, அண்ணன் தம்பிக்குள் வீட்டுப் பாகத்துக்காக இருந்தது சிமெண்டு மாதிரி கனத்து நேராக அடியில் போய் உட்கார்ந்தது, அதை நான்தான் குச்சியால் கிளறி ஓட்டத்தில் விட்டேன். காதலித்தவன் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்ட கதைக்காரி ஒருத்தி மேல்மாடியில் இருந்தாள். அவளுடையது மிளகாய்ப்பொடிச் சிவப்பு. நாலுகை அன்றைக்கு ஒரு கையை மடக்கிக்கொண்டு மூன்று கையால்தான் சாப்பிட்டது. வந்தவர்கள் எல்லாரும் போகும்போது முகம் கழுவினவர்கள் மாதிரி போனார்கள். யாரோ சூடம் கொண்டுவந்தார்கள். நாலு கை இருக்கு, அப்போ அம்மன்தான் என்றார்கள். எங்கள் பள்ளிக்கூட பெஞ்சுக்குக்கூட நாலு கால் இருந்தது, அதை யாரும் கும்பிடவில்லை என்று நான் சொன்னேன். சூடத்தை மட்டும் ஏற்ற விடவில்லை, புகை தண்ணீரில் இறங்கினால் அதற்கு ஆகாது.

வந்த எல்லாருக்கும் அண்ணி மோர் கரைத்துக் கொடுத்தாள். எல்லாரும் அவளை வாழ்த்தினார்கள். யாமினி வந்த வேளை, யாமினி வீட்டு இறால், யாமினி கைராசி. பின்னால் பக்கெட்டோடு நிற்கிறவளை யார் பார்த்தார்கள்?

என் பொறாமையை மட்டும் நான் போடவில்லை. தொட்டிப் பக்கம் போகிற நேரமெல்லாம் ஆணியில் தொங்கிய சிவப்பு ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டுதான் தண்ணீர் மாற்றினேன். "இன்னாடி, ஊட்டுக்குள்ள வண்டி ஓட்டறியா?" என்று பேபி அக்கா கேட்டாள். தண்ணி தெறிக்குது என்றேன். அவளுக்குச் சந்தேகப்படக்கூடத் தோன்றவில்லை, அந்த அளவுக்கு நல்லவளாகியிருந்தாள்.

நல்லவர்கள் நிறைந்த பிளாக் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருஷ்டிப் பூசணிக்காய் விற்கிறவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார். மார்கழியில் கோலப்போட்டி வைத்தார்கள், ஒவ்வொருத்தியும் பக்கத்துக் கோலத்தைக் காட்டி அதற்கே கொடுங்கள் என்று சொல்ல, பரிசுத் தட்டு யார் வீட்டுக்கும் போகாமல் மோட்டார் ரூமில் கிடந்தது. எதிர்வீட்டுப் பையனைப் பார் என்று பிள்ளைகளைத் திட்ட யாருக்கும் வாய் வரவில்லை, பிள்ளைகள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எதிர்வீட்டுப் பையனோடு கேரம் ஆடினார்கள், அதிலும் சிவப்புக் காயை நீ போடு, நீ போடு என்று ஆட்டம் முடியவே இல்லை. தண்ணி லாரி வந்தால், "நீ புடிம்மா," "அய்யோ நீங்க புடிங்கக்கா, உங்க வீட்ல ஆளு ஜாஸ்தி," "இல்ல, உனக்குக் கைக்கொழந்த," என்று குடத்தை வைத்துக்கொண்டு எல்லாரும் பின்னால் பின்னால் நகர, டிரைவர் பார்த்துப் பார்த்து, ஹாரன் அடித்துச் சலித்து, நிறைந்த லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அன்று பிளாக்கில் யாரும் குளிக்கவில்லை. சிரித்துக்கொண்டே குளிக்கவில்லை.

நான் மட்டும் எரிந்துகொண்டிருந்தேன். அண்ணன் வாங்கிவந்த மல்லிப்பூவைப் பார்த்து எரிந்தேன், அவன் தட்டில் அவள் வைத்த பொரியலைப் பார்த்து எரிந்தேன், பைக் கிளம்புகிற சத்தத்துக்கு எரிந்தேன். நன்றாக இருந்தது. உயிரோடு இருக்கிற மாதிரி இருந்தது.

அப்புறம் ஒருநாள் காலையில் நாலுகை மரத்துண்டைவிட்டுக் கீழே இறங்கியது. விசிறிகளை மூடி, துடைப்பக்கட்டை மாதிரி குவித்துக்கொண்டு மணலைத் துடைத்துத் துடைத்து நடந்தது. நடந்த இடமெல்லாம் வளைவு வளைவாகக் கோடு விழுந்தது.

"கோலம் போடுது!" என்று கத்தினாள் பேபி அக்கா. பிளாக்கே வந்து நின்றது. புள்ளி வைக்காத கோலம், சிக்குக் கோலம் என்றார்கள், கைதட்டினார்கள், குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். அது வலப்பக்கம் போனால் ஆஹா, இடப்பக்கம் திரும்பினால் ஓஹோ.

"அது கோலம் இல்ல," என்றேன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. "பசிக்குது அதுக்கு. பட்டினி கெடக்குது."

"பாப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று எல்லாரும் அன்பாகத் தலையாட்டிவிட்டு மறுபடி கைதட்டினார்கள். பொறாமைக்காரர்களாக இருந்திருந்தால் எதிர்த்துச் சண்டையாவது போட்டிருப்பார்கள்.

பாசிப்பொடியைக் கரைத்து விட்டேன், தொடவில்லை. நல்ல ருசி கண்ட நாக்கு. நாளுக்கு நாள் அதன் செங்கல் நிறம் வெளுத்து, உடம்புக்குள்ளே வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது. நான் சொன்னதை நம்பியது அண்ணி ஒருத்திதான். அவள் கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொண்டு, உறைமோர் கேட்கப் போகிற மாதிரி வீடு வீடாகப் போனாள். "கொஞ்சம் பொறாமை இருந்தா குடுங்களேன், ஒரு ஸ்பூன் போதும்." எல்லாரும் உள்ளே போய்த் தேடிவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினார்கள். பேபி அக்காவின் ஓரகத்தியைப் பெரம்பூரிலிருந்து வரவழைத்தார்கள். அவள் புது வளையலைக் குலுக்கிக் காட்டினாள், மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னாள், அதையும் சத்தமாகச் சொன்னாள். பேபி அக்கா மூச்சைப் பிடித்து முயற்சி செய்தாள். முகம் சிவந்தது. கண்ணில் ஒரு சொட்டு வந்தது. வெறும் கண்ணீர். "மகராசியா இருடி," என்று ஓரகத்தியைக் கட்டிக்கொண்டாள். ஓரகத்தி பயந்து அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டாள்.

மத்தியானம் அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் தொட்டி முன்னால் ஹெல்மெட்டோடு இருந்தேன்.

"மோனி, உன்கிட்ட இருக்குல்ல?"

"எது?"

"அதான்."

"இல்ல."

"அப்போ அதக் கழட்டு."

கழற்றவில்லை. அவள் சிரித்தாள். "என் மேலதான?"

"ஆமா. உங்க மேலதான். நீங்க வலது கால எடுத்து வெச்சதுலருந்து."

"இவ்ளோ நாளாவா! நான் உனக்கு என்னடி பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. அதான் கோவமே. ஏதாவது பண்ணியிருந்தா சண்ட போட்டு முடிச்சிருப்பேன்."

அண்ணி நாலுகைப் பக்கம் திரும்பினாள். "எனக்கும் இருந்துச்சு, உன் மேல," என்றாள். "உங்கண்ணன் வீட்டுக்கு வந்ததும் ஷூ கழட்டறதுக்கு முன்னாடி மோனி சாப்டாளான்னுதான் கேப்பாரு. நான் சாப்டேனான்னு கேட்டதில்ல. கல்யாணம் ஆன புதுசுல எவ்ளோ அழுதிருக்கேன் தெரியுமா? தொட்டி வந்ததும் அதுக்குள்ள போயிடுச்சு. இப்ப நெனச்சா ஞாபகம் இருக்கு. வலிக்கல."

என்மேல் ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள், அது எனக்குத் தெரியாமலேயே வந்து, எனக்குத் தெரியாமலேயே ஒரு இறாலின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்படி ஒன்று இருந்த நாட்களில் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?

"அந்த வலிக்காததுதான் எனக்கு வேணாம்," என்றேன். "வலிக்கலன்னா அந்தப் பின்சீட்டு என்னோடதா இருந்துச்சுன்றதும் போயிடும். அப்புறம் பேபி அக்கா மாதிரி சிரிச்சிகிட்டு உக்காந்திருப்பேன். மாட்டேன்."

அண்ணி வற்புறுத்தவில்லை. கிண்ணத்தைக் கழுவி வைக்கப் போனாள். அப்போதுதான் நாலுகை நடப்பதை நிறுத்தியது. கண்ணாடியோரம் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேராக வந்து, மூடிய விசிறிகளால் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்துவிட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

எனக்கு அண்ணியைப் பிடிக்காது. நாலுகையைப் பிடிக்கும். அவ்வளவுதான் விஷயம், யாரும் என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்துவிட வேண்டாம்.

"அண்ணி! ஓடி வாங்க. உங்க ஹெல்மெட்ட எடுத்துகிட்டு வாங்க. அங்க நில்லுங்க, அந்த லைட்டுல. கையில புடிங்க. அய்யோ, சோகமா நிக்காதீங்க, சிரிங்க!"

அண்ணி நீல ஹெல்மெட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்யாண போட்டோவுக்கு நிற்கிற மாதிரி சிரித்தாள். நான் என் ஹெல்மெட்டின் கண்ணாடியை விரல் அளவுக்குத் தூக்கினேன். ஒன்றும் விழவில்லை. பயந்துபோயிருந்தால் பொறாமைகூட வராது போலிருக்கிறது.

"அண்ணன் உங்கள எப்படிக் கூப்பிடுவான்? யாரும் இல்லாதப்போ?"

"சீ போ."

"சொல்லுங்க, சாவுது அது!"

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "யாமு," என்றாள்.

யாமுவாம்! கொட்டியது பாருங்கள். கரிபோலக் கறுப்பாக, பொடியாகக்கூட இல்லை, மழைபோல, அலமாரி போன நாள், பஜ்ஜி வாசனை, வாரிவிடாத தலை, எல்லாம் கலந்து கொட்டி, தொட்டியே இருட்டிவிட்டது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மரத்துண்டின் உச்சியில் ஒரு விசிறி விரிந்தது. அப்புறம் இன்னொன்று. நாலும் விரிந்தன. ஒவ்வொரு கையாக மடக்கி, நக்கி, நீட்டி, மடக்கி, நக்கி, நீட்டி, இருட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று வெளுக்க வைத்தது. முழுக்கத் தீர்வதற்குள் நான் கண்ணாடியைச் சடாரென்று இறக்கிவிட்டேன். எனக்கும் வேண்டும்.

திரும்பிப் பார்த்தால் வாசல் நிறையக் கூட்டம். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏண்டி," என்றாள் பேபி அக்கா. அவள் குரல் பழைய குரலாக இருந்தது. "நாங்க எல்லாரும் தொடச்சி வெச்ச குண்டா மாதிரி நிக்கறோம். உனக்கு மட்டும் எப்பிடிடீ இவ்ளோ கீது? அதுவும் நல்லா கருகருன்னு?"

அவள் கண்ணிலிருந்து பழுப்பாக ஒரு பொடி உதிர்ந்தது. அவளுக்குப் பின்னால் நின்றவள் கண்ணிலும். அதற்கும் பின்னால். என்னைப் பார்த்து, இந்த மோனிஷாவைப் பார்த்து, மூன்று மாடியும் வயிறு எரிந்தது! நாலுகைக்குக் கை ஓயவில்லை.

அடுத்த லாரிக்குக் குடம் உடைந்தது, ஒருத்தி முடியை இன்னொருத்தி பிடித்தாள், பூசணிக்காய்க்காரர் வண்டியோடு திரும்பி வந்தார், பரிசுத் தட்டு தனக்குத்தான் வர வேண்டும் என்று மோட்டார் ரூம் பூட்டை யாரோ உடைத்தார்கள். சாயங்காலமானால் எல்லாரும் தொட்டி முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள், ஆனால் முழுக்கக் கொட்ட விடுவதில்லை, பாதியிலேயே எழுந்துவிடுவார்கள். நாலுகைக்கு நிறம் திரும்பியது. அண்ணி மட்டும் அப்படியே இருந்தாள், வலிக்காமல், மோர் கரைத்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் பைக்கை எடுத்தான். அண்ணி பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும் இறங்கினாள்.

"நீ போயிட்டு வா மோனி."

"விட்டுக் குடுத்தது எனக்கு வேணாம்."

"ஏறு மோனி, நேரமாவுது," என்றான் அண்ணன். "யாமு, உனக்கும் பஜ்ஜி வாங்கிட்டு வரேன்." அண்ணி சரி என்று மாடிக்குப் போய்விட்டாள். நான் சிவப்பு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஏறினேன். சீட்டு எனக்குப் பழைய மாதிரியே இருந்தது, ஆனால் ஒன்றுமே இல்லாதது மாதிரியும் இருந்தது. யாரும் கேட்காத சீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது?

அண்ணன் திரும்பி என் ஹெல்மெட் வாரைப் பூட்டிவிட்டான், சின்ன வயதில் பூட்டிவிடுகிற மாதிரி, தாடைக்குக் கீழே விரலை வைத்து இறுக்கம் பார்த்து. "சாப்டியா?" என்றான்.

நான் மேலே பார்த்தேன். முதல் மாடி ஜன்னலில், தொட்டிக்குப் பக்கத்தில், அண்ணி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோர் கரைக்கிற முகம் இல்லை அது. புறங்கையால் கண்ணைத் தேய்த்தாள். "தூசு," என்று உதடு அசைந்தது. அவள் தோளுக்குப் பின்னால், தொட்டி வெளிச்சத்தில், நாலு விசிறிகள் விரிந்தன.

எனக்கு வந்த சந்தோஷத்தில் பைக்கின்மேலேயே எழுந்து நின்றுவிட்டேன்.

"அண்ணி! கண்ணத் தொடைக்காதீங்க!" என்று பிளாக்கே கேட்கக் கத்தினேன். "தொட்டிப் பக்கம் திரும்புங்க, வீணாப் போவுது!"